பெரியவர்களுக்கான வேதபாட வகுப்பு: அழகு, கலாசாரம், அன்றாட வாழ்க்கை. 6 வாரத்தை எப்படிப் பிரிப்பது?

வகுப்பு_ஆறு கேட்டது:

பெரியவர்கள் வகுப்பு ஒன்றுக்குத் திட்டம் போட வேண்டும். 10 முதல் 12 பேர், வாரம் ஒருமுறை 45 நிமிடம், மொத்தம் 6 வாரம். எல்லாரும் வேதத்தை நன்றாக வாசித்தவர்கள். ஓவியம், இசை, இலக்கியத்தில் பயிற்சி எதுவும் கிடையாது. அழகையும் கலாசாரத்தையும் வீட்டு வேலை போன்ற சாதாரண விஷயங்களையும் ஒரு கிறிஸ்தவன் எந்தக் கண்ணோடு பார்ப்பது என்பதுதான் பொருள்.

இந்தப் பேச்சு பெரும்பாலும் இரண்டு இடத்தில் முட்டி நின்றுவிடும். "சௌந்தரியம் வஞ்சனையுள்ளது, அழகும் வீண்" (நீதிமொழிகள் 31:30) என்று ஒருவர் எடுப்பார். "உலகத்தில் அன்புகூராதிருங்கள்" (1 யோவான் 2:15) என்று இன்னொருவர் முடித்துவிடுவார். அதற்குப் பிறகு எது கூடும், எது கூடாது என்ற பட்டியல் போடும் வேலைதான் நடக்கும்.

எந்தப் பகுதியில் தொடங்கலாம்? அந்த இரண்டு வசனத்தையும் நேர்மையாக எப்படிக் கையாளலாம்? 45 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது? வெறும் பேச்சாக முடியாமல் வீட்டில் செய்து பார்க்க என்ன கொடுக்கலாம்?

---

மூலபாடம் பதில்:

அந்த இரண்டு வசனத்தையும் முதல் வாரத்தில் எடுக்காதீர்கள். தவிர்க்கவும் வேண்டாம், 3-ஆம் வாரத்துக்குத் தள்ளிவையுங்கள். முதலிலேயே எடுத்தால் வகுப்பு தற்காப்பு வாதமாக ஆரம்பிக்கும், 6 வாரமும் அந்தத் தொனி போகாது.

நீதி. 31:30-இல் "வீண்" என்று வரும் எபிரெயச் சொல் ஹெவெல். மூச்சு, நீராவி, புகை என்பது அதன் அடிப்படைப் பொருள். பிரசங்கி புத்தகத்தில் "மாயை" என்று நாம் வாசிப்பதும் இதே சொல்தான். ஆபேலின் பெயரும் இதுவே! ஆபேலை யாரும் பயனற்றவன் என்று சொல்வதில்லை, சீக்கிரம் மறைந்துபோனவன் என்போம். ஆக வசனம் சொல்வது, அழகு நிற்காது, அதன்மேல் வீடு கட்டாதே என்று. அழகைக் கண்ணெடுத்தும் பாராதே என்று சொல்லவில்லை. சந்தேகம் வந்தால் அதே அதிகாரத்தின் 22-ஆம் வசனத்தை வாசிக்கச் சொல்லுங்கள். அந்தப் பெண் இரத்தினக் கம்பளம் செய்கிறாள், மெல்லிய புடவையும் இரத்தாம்பரமும் உடுத்துகிறாள்.

இன்னொன்று தமிழில் வாசிக்கும்போது கண்ணில் படாது. 10 முதல் 31 வரையுள்ள 22 வசனங்களும் எபிரெய அரிச்சுவடியின் 22 எழுத்துகளில் வரிசையாகத் தொடங்குகின்றன. அழகு நீராவிபோல் மறையும் என்று சொல்லும் கவிதையையே இவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கியிருக்கிறார்கள். புலம்பல் புத்தகத்தின் 1, 2, 4-ஆம் அதிகாரங்களும் இதே அமைப்புதான். 3-ஆம் அதிகாரத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் மூன்று வசனம், மொத்தம் 66. எருசலேம் நகரம் எரிந்துபோன துக்கத்தைக்கூட அரிச்சுவடி ஒழுங்கில் அழுதிருக்கிறார்கள் என்பது வகுப்பில் தனியாக நேரம் கொடுக்கத் தகுந்த விஷயம்.

1 யோவான் 2:15-இல் "உலகம்" என்பது கிரேக்கத்தில் கொஸ்மோஸ். 1 பேதுரு 3:3-இல் "அலங்காரம்" என்று வருவதும் இதே சொல். இதை வைத்துக்கொண்டு "பார்த்தீர்களா, உலகம் என்றாலே அழகுதான்" என்று தாவுகிற போதகர்கள் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். ஒரு சொல்லுக்கு உள்ள எல்லாப் பொருளும் எல்லா இடத்திலும் வராது. யோவான் 3:16-இல் தேவன் அன்புகூர்ந்ததும் கொஸ்மோஸ்தான், இங்கே அன்புகூராதிருங்கள் என்பதும் கொஸ்மோஸ்தான். வேறுபாட்டை அடுத்த வசனமே சொல்லிவிடுகிறது: மாம்சத்தின் இச்சை, கண்களின் இச்சை, ஜீவனத்தின் பெருமை. மூன்றும் பார்க்கிறவனிடத்தில் இருப்பவை, பார்க்கப்படும் பொருளில் அல்ல.

இதைக் காட்ட ஆதியாகமம் 2:9-ஐயும் 3:6-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போடுங்கள். 2:9-இல் மரங்கள் "பார்வைக்கு அழகும் புசிப்புக்கு நலமுமான" மரங்கள். முதலில் பார்வை, பிறகு வயிறு. தேவனே நட்டது. 3:6-இல் வரிசை புரண்டுவிடுகிறது: "புசிப்புக்கு நல்லதும், பார்வைக்கு இன்பமும்". மரம் மாறவில்லை, பார்வை மாறிவிட்டது. எபிரெயத்திலும் அதே புரட்டல் இருக்கிறது, பார்வையைச் சொல்லும் சொல்லும் மாறுகிறது. இந்த ஓர் ஒப்பீட்டுக்கு 20 நிமிடம் தாராளமாகப் போகும், போகட்டும்.

பிலிப்பியர் 4:8-க்கு ஒரு குறிப்பு. நம் பழைய மொழிபெயர்ப்பில் "அன்புள்ளவைகளெவைகளோ" என்று இருப்பது கிரேக்கத்தில் ப்ரொஸ்ஃபிலே. புதிய ஏற்பாட்டில் இந்த ஒரே இடத்தில்தான் வருகிறது. விரும்பத்தக்கது, மனதை ஈர்ப்பது என்று பொருள். தமிழில் மட்டும் வாசித்தால் அன்பாக நடப்பதைப் பற்றிய அறிவுரைபோல் தோன்றி, இனியவற்றை நினைக்கச் சொல்லும் பகுதி கையைவிட்டு நழுவிவிடும். வசனத்தின் முடிவில் "சிந்தித்துக்கொண்டிருங்கள்" என்பதும் கவனிக்க வேண்டியது. கண்டவுடன் தீர்ப்புச் சொல்லுங்கள் என்று அங்கே இல்லை.

---

நாற்காலி_வட்டம் பதில்:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனா 45 நிமிஷமும் எபிரெயம், கிரேக்கம்னு போச்சுன்னா 3-ஆம் வாரத்துல பாதி நாற்காலி காலியாயிரும். வாரத்துக்கு ஒரு மூலச்சொல் போதும்.

நேரத்தை இப்படிப் பிரிங்க. வாசிப்பு 8 நிமிஷம். ஒரு பொருளையோ படத்தையோ பாட்டையோ கவனிக்கிறதுக்கு 15. பேச்சுக்கு 17. அந்த வாரம் வீட்டுல என்ன செய்யணும்னு சொல்ல 5. நாற்காலி வட்டமா இருக்கட்டும், எல்லாரும் பலகையையே பாத்து உக்காந்தா யாரும் யார்கிட்டயும் பேச மாட்டாங்க.

இதுல உயிர்நாடி அந்த 15 நிமிஷம். முதல் 3 நிமிஷம் யாரும் வாய் திறக்கக் கூடாது. கடிகாரம் வச்சுச் செய்ங்க, இல்லன்னா 40 விநாடியில யாராவது இருமி, சிரிச்சு ஆரம்பிச்சிருவாங்க. அடுத்த 5 நிமிஷம் கண்ணுல பட்டதை மட்டும் சொல்லணும். "இடது பக்கம் வெளிச்சம் வருது", "கைப்பிடி தேஞ்சிருக்கு", இந்த மாதிரி. பிடிச்சது, பிடிக்காதது, அர்த்தம் எதுவும் இப்ப வேண்டாம். அப்புறம் 4 நிமிஷம், இதை எப்படிச் செஞ்சிருப்பாங்க, எது கஷ்டமா இருந்திருக்கும்? கடைசி 3 நிமிஷத்துல இது என்ன சொல்லுது, சொல்றது உண்மையா?

தடுமாறுற இடம் எப்பவும் ரெண்டாவது கட்டம். முதல் ஆளே "இது நமக்குக் கத்துக்கொடுக்கிற பாடம் என்னன்னா"ன்னு ஆரம்பிப்பார். பிரசங்கம் கேட்டுப் பழகின காதுக்கு அது இயல்பு. கோபப்படாம "அதைக் கடைசிக் கட்டத்துக்கு வச்சுக்குவோம், கண்ணுல என்ன படுது?"ன்னு திருப்பி விடுங்க. நாலஞ்சு தடவை திருப்பினா பழகிரும்.

முதல் வாரத்துக்கு ஓவியம் எடுக்காதீங்க. "எனக்குக் கலை தெரியாது"ன்னு எல்லாரும் ஒதுங்கிக்குவாங்க. கையால செஞ்ச ஒரு மரக்கரண்டியும், ஒரு பிளாஸ்டிக் கரண்டியும் போதும். ஒரு சுத்து கை மாறி வரட்டும். ஓவியம் 4-ஆம் வாரத்துக்கு. அதையும் திரையில போடாம ஏ4 அளவுக்குக் குறையாத அச்சா, ரெண்டு பேருக்கு ஒண்ணு கொடுங்க. புரொஜெக்டர் வெளிச்சத்துல நிழல் பகுதி எல்லாம் வெளுத்துப்போகும். ஒரு வகுப்புக்கு ஒரே படம். அஞ்சு படம் காட்டினா அது ஸ்லைடு ஷோ.

அழகுன்னா என்னன்னு வார்த்தை வேணும்னா 13-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் அக்வினாஸ் சொன்ன மூணைக் கொடுங்க: முழுமை, இசைவு, ஒளிர்வு. கேள்வியா மாத்தினா, இதுல ஏதாவது குறையுதா, பாகங்கள் ஒண்ணுக்கொண்ணு பொருந்துதா, தான் என்னன்னு இது தெளிவாக் காட்டுதா? மரக்கரண்டிக்கும் இது பொருந்தும், பாட்டுக்கும் பொருந்தும். அவர் இதைச் சொன்னது கலையைப் பத்திப் பேசும்போது இல்ல, திரித்துவத்துல குமாரனைப் பத்திப் பேசுற இடத்துல. அதையும் சொல்லுங்க.

தொடக்கப் பகுதிக்கு என் சிபாரிசு யாத்திராகமம் 31, பரிசுத்த கூடாரத்தைச் செஞ்ச பெசலெயேல். "தேவ ஆவியினால் நிரப்பினேன்"னு ஆண்டவர் சொல்றது ஒரு கைவினைக்காரனைப் பத்தி. மரவேலை, உலோகவேலை, கல் பதிக்கிறது. 35:34-ல கத்துக்கொடுக்கிற வரமும் சேருது. கூடவே மூணு விஷயம் விட்டுறாதீங்க. ஒண்ணு, வேலை விவரம் முடிஞ்ச உடனே 31:12-ல ஓய்வுநாள் கட்டளை வருது, 35:2-ல வேலை தொடங்கும் முன்னாடி மறுபடியும் வருது. பரிசுத்த கூடாரமே ஆனாலும் ஏழாம் நாள் கருவியைக் கீழ வைக்கணும். ரெண்டாவது 36:5-7: காணிக்கை தேவைக்கு மேல வந்துட்டதால மோசே போதும்னு நிறுத்தச் சொல்றார். அழகுக்கும் ஒரு போதும் உண்டு. மூணாவது 38:8: வெண்கலத் தொட்டி பெண்களோட முகக்கண்ணாடிகளை உருக்கிச் செஞ்சது. தமிழ் வேதத்துல தர்ப்பணம்னு இருக்கும், அது கண்ணாடிதான்னு முன்னாடியே சொல்லிருங்க, இல்லன்னா பேச்சு வேற எங்கயோ போயிரும்.

---

பொன்_கன்று பதில்:

பெசலெயேலில் தொடங்குவது நல்லது. ஆனால் 31-இலிருந்து 35-க்குத் தாவிவிடாதீர்கள். நடுவில் 32 இருக்கிறது: ஜனங்கள் வணங்குவதற்காகச் செய்த பொற்கன்றுக்குட்டி. எகிப்திலிருந்து வந்த பொன் (12:35-36) ஒரு கையில் கன்றுக்குட்டியாகிறது, மறு கையில் கூடாரமாகிறது. ஆதிச் சபைத் தந்தை அகஸ்தீன் புறஜாதியாரின் கல்வியில் உள்ள நல்லதை "எகிப்தின் பொன்" என்று சொல்லி எடுத்துக்கொள்ளச் சொன்னார். பிற்காலத்தில் அந்த உவமையைப் பயன்படுத்துகிறவர்கள் பலர் கன்றுக்குட்டியை மறந்துவிடுகிறார்கள். கலாசாரம் பற்றிய 4-ஆம் வாரத்துக்கு இந்த இரண்டு அதிகாரமுமே போதும்.

எது கூடும், எது கூடாது என்ற பட்டியலை உடைக்க தானியேல் 1 உதவும். ஒரே அதிகாரத்தில் மூன்று விதமான பதில். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன தானியேலும் நண்பர்களும் கல்தேயரின் எழுத்தையும் மொழியையும் மூன்று வருஷம் கற்கிறார்கள். அந்நிய தேவர்களின் சாயல் உள்ள பெயர்களைச் சுமக்கிறார்கள். ராஜாவின் போஜனத்தை மட்டும் மறுக்கிறார்கள், அதையும் முரட்டுத்தனமாக இல்லாமல் 10 நாள் சோதித்துப் பாருங்கள் என்று கேட்டு. கலாசாரம் ஒரே கட்டியாக வருவதில்லை. மொத்தமாக ஏற்பதா, மொத்தமாகத் தள்ளுவதா என்ற கேள்வியே தவறு என்பது இங்கே தானாகப் புரியும். கிறிஸ்துவுக்கும் கலாசாரத்துக்கும் உள்ள உறவை இறையியலாளர் நீபூர் 1951-இல் வகுத்த ஐந்து வகைப்பாட்டை வகுப்பில் கொடுக்க வேண்டாம் என்பேன். கொடுத்தால் ஆளாளுக்கு ஒரு முத்திரையை நெற்றியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

பவுல் ஏதென்ஸில் பேசும் அப்போஸ்தலர் 17-ஐ எடுத்தால் 28-ஆம் வசனத்தை மட்டும் எடுக்காதீர்கள். "நாம் அவருடைய சந்ததியார்" என்ற வரி கி.மு. 3-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் அராட்டஸ் எழுதியது, அங்கே அது கிரேக்கத் தெய்வம் ஜீயஸைப் பற்றிய வரி. பவுல் அதை எடுத்துப் பேசியதால் எதையும் எடுக்கலாம் என்று ஆகாது. 16-ஆம் வசனத்தில் விக்கிரகங்களைக் கண்டு அவர் ஆவி கொதிக்கிறது. 23-இல் சுற்றித் திரிந்து "கவனித்துப் பார்த்தபோது" என்கிறார். 28-இல் அவர்கள் கவிஞனின் வரியை எடுக்கிறார். 30-இல் மனந்திரும்பச் சொல்கிறார். கொதித்தவரும் கவனித்தவரும் ஒரே ஆள். நம்மில் கொதிக்கிறவர்கள் கவனிப்பதில்லை, கவனிக்கிறவர்கள் கொதிப்பதில்லை.

உருவங்கள் பற்றிக் கேள்வி வரும், கண்டிப்பாக வரும். அதற்கு ஒரே ஒரு பொருளை எடுங்கள்: வெண்கலச் சர்ப்பம். எண்ணாகமம் 21-இல் தேவன் செய்யச் சொன்னது. 2 இராஜாக்கள் 18:4-இல் எசேக்கியா ராஜா உடைத்துப்போட்டது, ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டியதால். பொருள் ஒன்றே, பயன்பாடு மாறிவிட்டது. சபை வரலாற்றில் இந்த வாதம் இரு பக்கமும் நடந்தது. 787-இல் இரண்டாம் நிசேயா சபைச் சங்கம் உருவத்துக்குக் காட்டும் மரியாதை வேறு, தேவனுக்கு மட்டுமே உரிய ஆராதனை வேறு என்று பிரித்தது. 1522-இல் விட்டன்பர்க்கில் உருவங்களை உடைக்கத் தொடங்கியபோது லூத்தர் திரும்பி வந்து 8 நாள் தொடர்ந்து பிரசங்கித்து நிதானப்படுத்தினார். சூரிய சந்திரரை வணங்குகிறவர்கள் உண்டு, அதற்காக வானத்திலிருந்து அவற்றைப் பிடுங்கிப் போடுவோமா என்பது அவர் கேள்வி. 1524-இல் சூரிக்கில் சீர்திருத்தப் போதகர் ட்ஸ்விங்லியின் சீர்திருத்தத்தில் உருவங்கள் எடுக்கப்பட்டன. ஆராதனையிலிருந்து இசையையும் விலக்கிய அதே ட்ஸ்விங்லி பல வாத்தியங்கள் வாசிக்கத் தெரிந்தவர். அழகு பிடிக்காதவர்கள்தான் அதை விலக்கினார்கள் என்று வகுப்பில் யாராவது சொன்னால், இவரைக் காட்டுங்கள்.

---

வெறுஞ்சுவர் பதில்:

பணம் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. "இந்தச் செலவை ஏழைக்குக் கொடுத்திருக்கலாமே" என்ற கேள்வி வராமல் இருக்காது. அது நல்ல கேள்வியும்கூட. மாற்கு 14:3-9-ஐ முழுதாக வாசியுங்கள். ஒரு பெண் இயேசுவின் தலையில் ஊற்றிய தைலத்தின் விலை முந்நூறு பணத்துக்கு மேல். மத்தேயு 20:2 கணக்கில் ஒரு பணம் ஒரு கூலியாளின் நாள்கூலி. ஓய்வுநாட்களைக் கழித்தால் ஏறக்குறைய ஒரு வருஷக் கூலி. இயேசு அதை "நற்கிரியை" என்கிறார், கிரேக்கத்தில் கலோன் எர்கோன். கலோன் என்பதில் நன்மையும் அழகும் சேர்ந்தே இருக்கும். ஆதியாகமம் 1-இன் "நல்லது என்று கண்டார்" என்பதற்கும் கிரேக்க மொழிபெயர்ப்பில் இதே சொல்தான்.

ஆனால் இந்த வசனத்தைச் செலவுக்கு அனுமதிச் சீட்டாக ஆக்கினால் தவறு. பெண் ஊற்றியது தன்னுடையதை. 7-ஆம் வசனத்தில் தரித்திரருக்கு "உங்களுக்கு மனதுண்டாகும்போதெல்லாம்" நன்மை செய்யலாம் என்றும் இருக்கிறது. கூடவே ஆமோஸ் 6:4-6 வையுங்கள். தந்தக் கட்டிலில் படுத்து, வாத்தியத்தில் புதுப்பாட்டு கட்டுகிறவர்கள் யோசேப்புக்கு, அதாவது தங்கள் ஜனத்துக்கு, நேர்ந்த ஆபத்துக்குக் கவலைப்படவில்லை. பாட்டு அங்கே குற்றமாகச் சொல்லப்படவில்லை. கவலைப்படாததுதான் குற்றம். ஆதிச் சபைப் பிரசங்கியார் கிறிஸொஸ்தோம் 4-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மத்தேயு நற்செய்திப் பிரசங்கத்தில் சொன்னதும் இதுதான்: ஆலயத்தின் உள்ளே பட்டுத்துணியால் கிறிஸ்துவைக் கனப்படுத்திவிட்டு, வெளியே குளிரில் ஆடையின்றி நிற்கிற அவரைக் கண்டுகொள்ளாமல் போகாதே.

அழகு என்றால் செலவு என்ற முடிச்சையும் அவிழ்க்க வேண்டும். கிளேர்வோ மடத்துத் துறவி பெர்னார்ட் 12-ஆம் நூற்றாண்டில் மடங்களின் ஆடம்பரச் சிற்பங்களைக் கடுமையாகத் தாக்கினார். அவர் நிறுவிய ஃபோன்தனே மடத்தைப் பாருங்கள்: வெறுங்கல், வளைவுகள், ஜன்னல் வழியே வரும் வெளிச்சம், அவ்வளவுதான். 1981-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். அலங்காரத்தைக் குறைத்ததால் விகிதமும் வெளிச்சமும் எல்லாப் பாரத்தையும் சுமக்க வேண்டியதாயிற்று, அதனால் வேலை இன்னும் துல்லியமாக இருந்தாக வேண்டும். எளிமை வேறு, அசட்டை வேறு. கோணலாக ஒட்டிய அறிவிப்புத் தாளை எளிமை என்று சொல்லக் கூடாது.

வீட்டுப் பயிற்சிக்கு, துறவிகளுக்கு பெனடிக்ட் எழுதிய மட ஒழுங்கிலிருந்து எடுக்கலாம், 6-ஆம் நூற்றாண்டு. 31-ஆம் அதிகாரம் மடத்தின் பாத்திரங்களையும் பொருள்களையும் பலிபீடத்துப் பாத்திரங்களைப்போல் பாவிக்கச் சொல்கிறது. 35-ஆம் அதிகாரத்தில் சமையலறை முறை முடிகிறவர் சனிக்கிழமை எல்லாவற்றையும் சுத்தம் செய்து, துண்டுகளைத் துவைத்து, பாத்திரங்களைச் சேதமில்லாமல் திருப்பி ஒப்படைக்க வேண்டும். 57-இல் கைவினைஞன் தன் திறமையால் பெருமை கொண்டால் அந்த வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும், செய்த பொருளை வெளி விலையைவிடச் சற்றுக் குறைத்தே விற்க வேண்டும். கவனம், தாழ்மை, விலை மூன்றும் ஒரே இடத்தில் இருக்கிறது. இதிலிருந்து வாரப் பயிற்சி: வீட்டில் தினமும் கைபடும் ஒரு பொருளைத் தேர்ந்து, 7 நாள் அதை எடுப்பதும் கழுவுவதும் வைப்பதும் அவசரமில்லாமல். உடைந்திருந்தால் சரி செய்வது. புதிதாக எதுவும் வாங்கக் கூடாது. இதைச் சொல்லாவிட்டால் பயிற்சி கடைக்குப் போவதில் முடியும்.

---

வகுப்பு_ஆறு:

எல்லாருக்கும் நன்றி. வரிசை இப்படி வைத்திருக்கிறேன்: 1. பெசலெயேல், மரக்கரண்டி. 2. பெனடிக்ட், வீட்டு வேலை, ஓய்வுநாள். 3. ஆதியாகமம் 2-3, நீதி. 31, 1 யோவான் 2. 4. கன்றுக்குட்டி, தானியேல், ஓவியம். 5. தைலம், ஆமோஸ், செலவு. 6-க்கு கிறிஸ்துவைப் பற்றியது என்று நாம் வாசிக்கும் ஏசாயா 53:2 வைக்கலாமா? "அவருக்கு அழகுமில்லை, சௌந்தரியமுமில்லை." இதுவரை சொன்ன அத்தனையையும் இது கவிழ்த்துவிடுமோ என்று இருக்கிறது. புலம்பலையும் எங்காவது சேர்க்க வேண்டும்.

---

மூலபாடம்:

வையுங்கள். கவிழ்ந்தால் கவிழட்டும். முழுமை, இசைவு, ஒளிர்வு என்ற அளவுகோல் சிலுவையின் முன்னால் உடைகிறது என்பதை மூடி மறைத்து முடித்தால் 5 வாரமும் வெறும் ரசனைப் பயிற்சியாகிவிடும். "உள்ளே அவர் அழகுதான்" என்று அவசரமாக ஒட்டுப்போட வேண்டாம். 52:14-ஐயும் சேர்த்து வாசியுங்கள், உருக்குலைந்த முகத்தைப் பற்றியது. பிறகு யோவான் 20:27: உயிர்த்தெழுந்த பின்னும் கைகளில் காயம் இருக்கிறது, தோமாவிடம் காட்டுகிறார்.

புலம்பல் 3-ஐ அதே வாரத்தில் வையுங்கள். எழுத்து வரிசை தெரிவதற்கு மூன்று மூன்று வசனமாக இடைவெளி விட்டு அச்சிடுங்கள், 22 பத்தி வரும். 12 பேர் வந்தால் ஆளுக்கு இரண்டு பத்தி, கடைசி இரண்டு பேருக்கு ஒன்று.

---

நாற்காலி_வட்டம்:

அந்த வாரம் நேரத்தை மாத்திருங்க. கவனிக்கிறதுக்கு 20, பேச்சுக்கு 12. துக்கத்துல இருக்கிறவங்க வட்டத்துல இருக்கலாம், அதனால யாரையும் சுத்து முறையில பேசச் சொல்லாதீங்க, விருப்பம் உள்ளவங்க பேசட்டும். அந்த மரக்கரண்டியை அன்னைக்கும் நடுவுல வைங்க. அஞ்சு வாரத்துல எத்தனை கை பட்டிருக்கோ, பிடி கொஞ்சம் நிறம் மாறியிருக்கும். அதுக்காகவே முதல் வாரம் எண்ணெய் தடவாத கரண்டியா எடுங்க.